வாசக்காலின் இடது பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

காலை ஒன்பதுக்கே சுள்ளென்று வெயில். மந்தைவெளி சமுதாயக்கூடத்து மாடியில் இரண்டு மின்விசிறி, ஒன்று சுற்றவில்லை. குழந்தை யாழினிக்கு வியர்க்குரு வந்துவிடுமோ என்று அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையில் கொண்டுபோனவை: வெந்நீர் ஃபிளாஸ்க், மாற்றுத் துணி இரண்டு, பவுடர், டெட்டால் சின்ன பாட்டில், தெர்மாமீட்டர், காலையில் மிச்சம் வைத்த அரை இட்லி. என் அருமைக் கணவன் பிரபு பார்த்துவிட்டு, "ஓவிய வகுப்புக்குப் போறியா, ஊட்டிக்குப் போறியா?" என்றான்.

நாலு ஞாயிறு நடக்கும். அபார்ட்மென்ட் வாட்ஸாப்பில் வந்த செய்தி: உங்களுக்குப் பிரியமான ஒரு பொருளுடன் வாருங்கள், கதையைச் சொல்லுங்கள், அதை வைத்து ஏதாவது செய்யலாம், வரையத் தெரிய வேண்டாம். போகச் சொன்னதே பி.தான். "நாலு மனுசங்களப் பாத்தா அந்தக் கார்டைக் கொஞ்சம் மறப்ப."

அந்தக் கார்டு. யா.வின் எடை, உயரம் குறிக்கும் அட்டை. வளைந்து வளைந்து மேலே போகும் கோடுகள். மற்ற குழந்தைகளின் புள்ளிகள் கோடுகளுக்கு நடுவில் இருக்குமாம். என் குழந்தையின் புள்ளி கடைசிக் கோட்டுக்கும் கீழே. இரண்டு வயது எட்டு மாதம் ஆகிறது, இன்னும் கீழேதான்.

வந்தவர்கள் பதினோரு பேர். பொருள்கள்: ஓடாத கைக்கடிகாரம் மூன்று (மூன்றும் ஆண்கள்). ஒரு ஸ்கூட்டர் சாவி, ஸ்கூட்டர் கிடையாது. பத்மா மாமி என்று மாடவீதிக்காரர் ஒருவர், தன் முதல் குக்கரின் வெயிட்டை ஸ்வீட் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்தார். "குக்கர் போயிடுத்து. இது மட்டும் எங்காத்துல பூஜை அலமாரில இருக்கு. அவர் கேட்டா, இதுதான் நம்மாத்துல சொன்ன நேரத்துக்குச் சத்தம் போட்ட ஒரே ஆள்னு சொல்லிடுவேன்."

என்னுடையது: யா. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் காலில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை. 'பேபி ஆஃப் சுதா.' ஏழு வாரம் முந்திப் பிறந்தவள். பட்டைக்குள் என் கட்டைவிரல் முழுதாக நுழையாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு வாக்கியம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன்.

கஸ்தூரி அக்கா கொண்டுவந்ததுதான் பெரிய பொருள். நாலடி உயரக் கட்டை, பழைய புடவை சுற்றி. அவர்கள் வீட்டு வாசக்காலில் இருந்து அறுத்தது. அடையாற்றங்கரையில் இருந்த வீடு. மூன்று வருடம் முன்பு இடித்துவிட்டு, இவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. வயது நாற்பத்தைந்து இருக்கும். சத்தமான குரல். "ஜேசிபி வந்து நிக்கிது. எல்லாரும் ஃபேனு கய்ட்டிக்கினு, பீரோ தூக்கிக்கினு கீறாங்க. நான் ரம்பத்த எடுத்துக்கினு வாசக்கால அறுத்துக்கினு கீறேன். டிரைவர் எறங்கி வந்து, 'இன்னாக்கா, லூசா நீ'ன்னான். ஆமாண்டா நைனா, அஞ்சு நிமிசம் லூசா இருந்துக்கறேன், ஆஃப் பண்ணுடான்னேன். பண்ணான்."

எல்லாரும் சிரித்தோம்.

இங்கே ஒரு விதி உண்டு. நடத்துகிற பெண் ரேவதி சொன்னாள்: "உங்க பொருளை வச்சு நீங்களே எதுவும் செய்யக் கூடாது. செஞ்சா அழகாக்கிடுவீங்க. சீட்டுல யார் பேர் வருதோ அவங்க பொருளை வீட்டுக்குக் கொண்டுபோங்க, ஒரு வாரம் கூடவே வச்சிருங்க. கதையை மட்டும் உக்காந்து முழுசாக் கேட்டுக்குங்க."

எனக்குக் கஸ்தூரி அக்கா. அவருக்கு நான்.

என் கதையை முழுதாகக் கேட்டார். யா.வின் காலை மடியில் வைத்துக்கொண்டு, கணுக்காலை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தபடியே கேட்டார். கார்டு பற்றியும் சொன்னேன். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன், ஏன் என்று தெரியவில்லை. பட்டையை வாங்கி மொபைல் உறைக்குள் செருகிக்கொண்டார். "உசுரு மாதிரி பாத்துக்கறேன். பயப்படாத."

பிறகு அவர் கதை. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் போகி அன்று இரண்டு பெண்களையும் வாசக்காலோடு ஒட்டி நிறுத்தி உயரம் குறிப்பாராம். வீட்டுக்கே பெயின்ட் அடித்தாலும் அந்தப் பக்கம் மட்டும் அடிக்கமாட்டார்களாம். வலது பக்கம் சின்னவள் திவ்யா, பால்பாயின்ட் கோடுகள், காட்டினார். அதற்குள் யா. 'ஒண்ணுக்கு' என்றாள். கீழே பாத்ரூமுக்கு ஓட்டம். அங்கே தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, டெட்டால். திரும்பி வந்தால் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "மீதி அடுத்த வாரம் சொல்றேன், பஸ்ஸு போயிடும்" என்று கஸ்தூரி அக்கா போய்விட்டார்.

ஆட்டோவில் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் வாசக்கால்.


ஜூலை 7, திங்கள்

கட்டையை ஹாலில் டிவி பக்கத்தில் சாய்த்துவைத்தேன். பத்து நிமிடம் கண்ணை எடுத்தேன். யா. அதைக் கட்டிப்பிடித்து நக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஆற்றங்கரை மரம். எத்தனை வருஷத்து அழுக்கு. வாயைக் கழுவிவிட்டேன், வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கொடுப்பது என்று பார்த்துவைத்தேன். பிறகு டெட்டால் தண்ணீரில் துணி நனைத்துக் கட்டையைத் துடைத்தேன். வலது பக்கத்துப் பேனாக் கோடுகளைத் தொடாமல், ஜாக்கிரதையாக. இடது பக்கம் முழுக்கக் கரிக்கறை, தீற்றல் தீற்றலாக. மூன்று முறை அலச வேண்டியிருந்தது. தண்ணீர் கறுப்பாகப் போனது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யா. மதியம்: சாதம் ஆறு வாய், பருப்பு. வாழைப்பழம் துப்பிவிட்டாள்.


ஜூலை 9, புதன்

வாங்க: பால் பவுடர், துணி கிளிப்.

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

துணி துவைத்துக் காயப்போடும்போது பார்த்தேன். திங்கட்கிழமை துடைத்த துணியில் கறுப்பு போகவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருந்தது. கொடியில் பக்கத்திலேயே யா.வின் தலையணை உறை. அதிலும் அதே கறுப்பு, அதே பிசுக்கு. அவள் கன்னத்தில் தினமும் நான் வைக்கிற திருஷ்டிப் பொட்டு, ராத்திரி உறையில் ஒட்டிக்கொள்வது.

துணியை முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய் வாசனை.

அழுக்கு இல்லை. மை. கண் மை.

வலது பக்கம் சின்னவள், பேனா. இடது பக்கம் பெரியவள், மை. மீதி அடுத்த வாரம் என்று அக்கா சொல்லாமல் விட்டுப்போனது இதைத்தான்.

கட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமாகத் துடைத்திருக்கிறேன். எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிறவள், இதை மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்காகச் செய்தேன்.

குழுவில் ரேவதி போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் முழுக்கக் கஸ்தூரி அக்காவின் கை.


ஜூலை 10, வியாழன்

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து வராமல் போனது.

பி.யிடம் சொன்னேன். தரமணி ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டே, "மைதானே? வீட்லயே இருக்கு. நீயே நாலஞ்சு கோடு போட்டுடு. யாருக்குத் தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியாதா?"

"அரை இஞ்ச் மேல கீழ இருந்தா யாரு பாக்கப் போறா, சுதா?"

பாவம், எனக்காகத்தான் சொன்னான். பஸ் போன பிறகு யா.வின் மை டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். விரலில் தொட்டும்விட்டேன். எந்த இடத்தில் வைப்பது? எத்தனை கோடு இருந்தது? பெரியவளுக்கு என்ன பெயர்? அதுகூடத் தெரியாது. தெரியாத குழந்தைக்கு நான் உயரம் குறிக்கப் போகிறேன். என் குழந்தைக்கு யாராவது அந்தக் கார்டில் இஷ்டத்துக்குப் புள்ளி வைத்தால்?

விரலை என் சுடிதாரிலேயே துடைத்துக்கொண்டேன்.

போனில் மெசேஜ் எழுதினேன், அழித்தேன். நாலு தடவை. நேரில்தான் சொல்ல வேண்டும்.


ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே, செருப்பு விடுகிற இடத்தில். நன்றாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், எதுவும் அந்த வரிசையில் வரவில்லை. "அக்கா, அழுக்குன்னு நெனச்சு... பாப்பா நக்கிட்டா... இடது பக்கம்..."

கஸ்தூரி அக்கா கட்டையைச் சுற்றியிருந்த புடவையைப் பிரித்துப் பார்த்தார். இடது பக்கம் மேலிருந்து கீழே கையால் தடவினார்.

"எதுல தொடச்ச?"

"டெட்டால்."

"சத்யாவையா தொடச்சிட்ட?"

பெரியவளுக்குப் பெயர் சத்யா. அப்போதுதான் தெரிந்தது.

"அவளுக்கு ஒரு போட்டோ இல்லம்மா சின்னதுல. வெள்ளத்துல எல்லாம் போச்சு. இது ஒண்ணுதான் கீது." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். "எங்க ஊட்ல இருந்து இன்னா வந்தாலும் ஒங்களுக்கு அழுக்காத்தான் தெரியும், இல்ல?"

இல்லை அக்கா என்றால் அது பொய். ஏனென்றால் ஆமாம். ஆற்றங்கரை மரம் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். மாமியின் குக்கர் வெயிட் எனக்கு வந்திருந்தால் துடைத்திருப்பேனா? பூஜை அலமாரியில் இருந்தது என்று கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன்.

கட்டையைப் புடவையில் சுற்றினார். மாடி ஏறவில்லை. யா. கை நீட்டி "டாட்டா" என்றாள். திரும்பி அவளைப் பார்த்தார், தலையை ஒரு ஆட்டு ஆட்டினார், போய்விட்டார்.

மாமிக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "ஏண்டிம்மா, சொல்லாம இருந்திருக்கப்படாதோ?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இல்ல, சொன்னதுதான் சரி. ஆனா பாரு, சரியாப் பண்ணிட்டு இப்படி உக்காண்டிருக்கறதுக்கு ஒரு போளியாவது சாப்பிடு" என்று டப்பாவை நீட்டினார்.

சாப்பிட்டேன். அழுதுகொண்டே. யா. பாதியைப் பிடுங்கிச் சாப்பிட்டாள். போளி இறங்குகிறது, இட்லி இறங்க மாட்டேன் என்கிறது.


ஜூலை 16, புதன்

யா.வுக்கு மாதாந்திர எடை. டாக்டர் புள்ளி வைத்தார். கீழேதான். "ஆக்டிவா இருக்கா, நல்லா பேசறா. ஏழு வாரம் முன்னாடி பொறந்தவ, அவ வேகத்துல வருவா. நீங்க இந்தக் கார்டை ஃப்ரிட்ஜ்ல ஒட்டறத முதல்ல நிறுத்துங்க." ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? பி. சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்துதான் உறைத்தது. பட்டை கஸ்தூரி அக்காவிடம் இருக்கிறது.

இனி வராமலே போய்விட்டால்? கோபத்தில் எங்காவது தூக்கிப்போட்டுவிட்டால்?

நினைத்த மறு நிமிடம் வெட்கம். அவர் பொருளை அழித்தவள் நான். என் பொருளை அவர் அழித்துவிடுவாரோ என்று பயப்படுகிறவளும் நானே.


ஜூலை 18, வெள்ளி

குரல் செய்தி அனுப்பினேன். எழுத்தில் எழுதினால் மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கிறது. "அக்கா, நான் சுதா பேசறேன். நீங்க சொன்னது உண்மைதான். அழுக்குன்னுதான் நெனச்சேன். சத்யா கதையை நான் கேக்கவே இல்ல. அதான் தப்பு. வேற ஒண்ணும் இல்ல அக்கா." பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முடிவு. பேசவில்லை. பின்னால் யா. 'அக்கா அக்கா' என்று கத்துவதும் பதிவாகிவிட்டது.

இரண்டு நீல டிக். பதில் இல்லை.


ஜூலை 20, ஞாயிறு

மூன்றாவது வகுப்பு. கஸ்தூரி அக்கா வரவில்லை.

ரேவதி ஆளுக்கு ஒரு பெரிய பழுப்புக் காகிதம் கொடுத்தாள். ஸ்கூட்டர் சாவிக்காரருக்கு மாமியின் வெயிட். மனிதர் அதை ஒரு கோயில் கோபுரமாக வரைந்துவிட்டார். மாமி பார்த்துவிட்டு, "ஆவி எங்கேய்யா? ஆவி வராம என்ன வெயிட்?" அவர் பயந்து எழுந்து ஆவி போட்டார்.

என் காகிதம் காலி. "பொருள் இல்லாட்டியும் ஞாபகத்துல இருக்கறத வரையலாமே" என்றாள் ரேவதி. ஞாபகத்தில் இருப்பது கறுப்புத் தண்ணீர்தான். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யா. அதற்குள் புகுந்து சுரங்கப்பாதை விளையாடினாள்.


ஜூலை 23, புதன்

சாயங்காலம் நல்ல மழை. துணி எல்லாம் நனைந்தது.

கஸ்தூரி அக்காவிடமிருந்து குரல் செய்தி! பதினாலு நொடி. பின்னால் பஸ் ஹாரன்.

"ஏம்மா, ஞாயித்துக்கெயம வருவல்ல? புள்ளைய இட்டுக்கினு வா. புள்ளைக்கு வெக்கிற மை டப்பாவும் எடுத்துக்கினு வா. பஸ்ஸு வந்துட்சி, வெக்கிறேன்."

ஏழு தடவை கேட்டேன். கோபமா, இல்லையா? குரலில் தெரியவில்லை. பி.யையும் கேட்கச் சொன்னேன். "பஸ் கெடைக்கணும்ங்கற கவலைதான் தெரியுது" என்கிறான்.


ஜூலை 27, ஞாயிறு

கடைசி வகுப்பு. மேகமூட்டம். விசிறி இரண்டும் சுற்றின.

எடுத்துக்கொண்டு போனவை: மை டப்பா, பழுப்புக் காகிதம், பை. பையில் தெர்மாமீட்டர் எடுத்துப்போக மறந்துவிட்டேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

கஸ்தூரி அக்கா முன்பே வந்து, கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். யா. நேராக ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

"இன்னா நின்னுக்கினே கீற, குந்து. ரெண்டு நாள் செம காண்டுல இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஒன்ன நல்லா திட்டினேன், ஊட்டாண்ட நின்னு."

"திட்டுங்க அக்கா."

"திட்டி முட்ச்சிட்டேன். இப்ப வேல கீது."

சத்யாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டல். போன வாரம் வீட்டுக்கு வந்தவளிடம் அழுதுகொண்டே சொன்னாராம். அவள் கேட்டாளாம்: "நீ என்ன நிக்க வச்சி கோடு போட்டப்போ, என் தல ஒன் மேல எங்க இடிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு அப்பதாம்மா தெரிஞ்சிது" என்றார் கஸ்தூரி அக்கா. 

காகிதத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். முதுகை அதில் ஒட்டி நின்றார். நான் ஸ்டூல் போட்டு, தலையிலிருந்து குதிகால் வரைக்கும் அவரைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தேன். கூச்சம் வந்து சிரித்தார். "இடுப்பாண்ட கொஞ்சம் உள்ள வாங்கிப் போடு, யாரு கேக்கப் போறா." மாமி, "வாங்காதே, உள்ளபடி போடு" என்றார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் விரலில் மை தொட்டுக் காகிதத்தில் வைத்தேன்.

"ரெண்டு வயசு. இங்க, முட்டிக்கு மேல ஒண்ணர சாண். புடவைய இஸ்த்துக்கினே நிப்பா."

"நாலு. கொசுவம் சொருகற எடம். சாவி குத்துதும்பா."

"ஒண்ணாங்கிளாஸ். இதோ, வவுறு. திவ்யா வவுத்துல இருந்தா அப்போ. காத வச்சிக்கினு நிப்பா."

"மூணாங்கிளாஸ். தாலி தொங்கற எடம். மண்டையில பட்டா வலிக்கிதுன்னு கத்துவா."

ஒவ்வொரு இடத்தையும் தன் உடம்பில் கை வைத்துக் காட்டினார். யோசிக்கவே இல்லை. கடிகாரக்காரர்கள் மூவரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். கட்டையின் உயரம் அவர் மார்பு வரைக்கும்தான். அதற்கு மேல் தோள், காது என்று காகிதத்தில் மட்டும் வைத்தோம். கடைசி மை அவர் தலைக்கு மேலே, வெற்றுக் காகிதத்தில். "இப்ப அவ இவ்ளோ. அண்ணாந்துதான் திட்டணும்."

அதன் பிறகு கட்டையைக் காகிதத்தோடு சேர்த்து நிறுத்தினோம்.

"நீயே போடு" என்றார்.

"அக்கா, நீங்க போடுங்க. மறுபடி நான் கெடுத்துடப் போறேன்."

"நீதான தொடச்ச. நீதான் போடணும்."

நாலு கோடு. இடது பக்கம். கீழிருந்து மேல்.

"சரியா இருக்குமா அக்கா?"

"ஒரு விரக்கட மேல கீழ இருந்தா இன்னா? அவ நின்னா, அவ்ளோதான்."

அப்புறம் தன் பையிலிருந்து எடுத்தார். என் பட்டையை வைத்து அவர் செய்தது. பழைய புடவைக் கரையில் தைத்த வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ப்ரெஸ் பட்டன் வைத்து. முதல் வளையம் பட்டையின் அதே அளவு, என் கட்டைவிரல் நுழையாத அளவு. அடுத்தது கொஞ்சம் பெரியது. அடுத்தது. இப்படி ஏழு. "கடேசி வளையம் கல்யாணக் கொலுசு சைஸு. அப்ப கூப்டு, வரேன்." பட்டையும் பத்திரமாக முதல் வளையத்துக்குள்ளேயே இருந்தது. அதை வாங்கியபோது நான் பட்ட நிம்மதியை அவர் பார்த்துவிட்டார்.

"மூணாவது இந்தக் கால்து. மொதல் நாள் மடியில வச்சப்பவே ரெண்டு வெரலால அளவு எட்த்துட்டேன்." அதை மட்டும் கழற்றி யா.வின் கணுக்காலில் சுற்றினார். பட்டன் போடப் பார்த்தார்.

எட்டவில்லை.

இழுத்துப் பார்த்தார். ஒரு அரிசி அகலம் எட்டவில்லை. யா. நெளிந்தாள்.

"பாருடி! மூணு வாரத்துல பத்தாம போச்சு. யாரு சொன்னா வளரலன்னு?"

மூன்று வாரத்தில் கணுக்கால் பருக்குமா. தையலில் துணி உள்ளே வாங்கியிருக்கும். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் நான் அந்த ஒரு அரிசி அகலத்தை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நான்காவது வளையத்தை மாட்டிவிட்டார். அது தாராளம்.

கிளம்பும்போது டப்பாவில் மிச்சமிருந்த மையை வழித்து யா.வின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார். நான் வைப்பதைவிட மூன்று மடங்கு பெரிது.

ஆட்டோவில் யா. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் போட்டிருந்தது வெள்ளைக் குர்த்தா. வீட்டில் இறங்கிப் பார்த்தால் தோளில் கறுப்பாக, நீளவாக்கில், கோடு மாதிரியே.

குர்த்தாவை இன்னும் ஊறப்போடவில்லை.